வீடு மாறும் பிள்ளைக்கு ஒரு கட்டில்

என் தங்கை மகன் திருச்சியிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஐந்து வீடு பார்த்துவிட்டான். முனிர்க்கா, லக்ஷ்மி நகர், நொய்டாவில் இரண்டு இடம், இப்போது கோட்லா முபாரக்பூர். பையன் நிலையில்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால் வீட்டுக்காரர்கள் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். அது முடிந்ததும் வாடகையை ஏற்றுகிறார்கள், பையன் மூட்டை கட்டுகிறான். நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று இப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருப்பதால், கட்டில் விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதலாம் என்று தோன்றியது.

முதல் தவறு என்னுடையது. "கட்டில் வாங்கினானா அண்ணா?" என்று தங்கை தினமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் மாமன் முறைக்குச் சிறப்பாகச் செய்வோம் என்று, அடியில் பெட்டி வைத்த மரத் திவான் ஒன்றை வாங்கி லக்ஷ்மி நகருக்கு அனுப்பினேன். அவன் அறை மூன்றாம் மாடி. மாடிப்படி திரும்பும் இடத்தில் திவான் திரும்பவில்லை. நான்கு ஆட்கள் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். எட்டாவது மாதம் அதே கயிறு, அதே பால்கனி, இறக்கு கூலி வேறு. வாங்கிய விலையில் கால் பங்குக்கு விற்றோம். "மாமா, இனிமேல் எனக்குக் கட்டிலே வேண்டாம்" என்று சொல்லிவிட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நொய்டாவில் தரையில் மெல்லிய மெத்தை போட்டுப் படுத்திருக்கிறான். திருச்சியில் தரையில் படுப்பது சுகம். தில்லி ஜனவரியில் அப்படியல்ல. உடம்புச் சூட்டில் எழும் ஈரம் சில்லென்ற தரையைத் தொட்டதும் மெத்தைக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். இருபத்து நான்கு வயது. ஒன்றுமில்லை என்றான். மறுநாள் அவன் அறைக்குப் போய் மெத்தையைப் புரட்டினால், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூசணம்.

பிறகு அவனே சாலையோரத்தில் மலிவாக ஒரு மடக்குக் கட்டில் வாங்கினான். அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்போது, மடக்கிய கட்டில் பிடி நழுவி நடுவில் விரிந்து மூடியதில் வலதுகை ஆள்காட்டி விரல் சிக்கிக்கொண்டது. மூன்று தையல். கணினியில் தட்டித்தான் சம்பளம் வாங்குகிறவன், பத்து நாள் இடக்கையால் தட்டினான். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. அவன் அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. (இந்தப் பத்திரிகை திருச்சிக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அப்போதுதான் எனக்கு எங்கள் பழைய கிட்வாய் நகர்க் கட்டில்கள் நினைவுக்கு வந்தன. 1981-இல் கிழக்கு கிட்வாய் நகரில் எங்களுக்கு அரசுக் குடியிருப்பு கிடைத்தது. அந்தக் குடியிருப்புகள் 2010-களில் இடிக்கப்பட்டு இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அன்று மே, ஜூன் மாதங்களில் வீட்டுக்குள் படுக்க முடியாது. மாலையில் புல்தரையில் தண்ணீர் தெளிப்போம். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு நான்கு கட்டில் வெளியே வரும், விடிந்ததும் உள்ளே போகும். இரும்புக் குழாய்ச் சட்டமும் நாடாவும்தான். என் மனைவி ஒரு கையில் கட்டிலையும் மறு கையில் கொசுவலைக் கம்புகளையும் கொண்டு போவாள். தினம் இரண்டு தடவை தூக்குகிறவர்களுக்கு எது தூக்கக்கூடிய கட்டில் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு நான் அதை மறந்துவிட்டுத் திவானுக்குப் போனேன்.

கோட்லா சந்தையில் அவனையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறினேன். கடைக்காரர் விரித்துக் காட்டுவார். நாம் மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். படுக்கப்போகிறவனே தனியாக மடக்கி, தூக்கி, கடைப்படியில் நாலு படி ஏறி இறங்கட்டும். பலகை வைத்த கட்டிலைத் தூக்கி ஆறாவது படியிலேயே மூச்சு வாங்கினான். நாடாக் கட்டிலோடு சிரித்துக்கொண்டே போய்வந்தான்.

அடுத்து நடு மூட்டு. ஆறடிக் கட்டிலை இரண்டாக மடக்கினால் மூட்டு விழுவது சரியாக மூன்றாவது அடியில். படுத்தால் நம் இடுப்பு இருப்பதும் அங்கேதான். உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி அந்த மூட்டுக்குத்தான் போகிறது. ஆகவே மூட்டுக்கு அடியில் தனியாகக் கால் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மட்டும் கால் உள்ள கட்டில் சீக்கிரமே தொட்டில்போல் வளைந்துவிடும். மூட்டை ரிவெட் அடித்துச் சேர்த்திருந்தால் தேய்ந்த பிறகு சரிசெய்வது கஷ்டம். நட்டு போல்ட் போட்டிருந்தால் எந்தத் தெருவிலும் ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். மடக்கியபின் தானாக விரியாதபடி கொக்கியோ வாரோ இருக்க வேண்டும். பையனுடைய விரல் நசுங்கியது அது இல்லாததால்தான். இருந்தாலும் ஒரு பழைய பெல்ட்டைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தூக்குவது நல்லது.

குழாயின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் பெரிதானால் தகடு மெல்லியது. பதினாறு கேஜைவிடப் பதினெட்டு உசத்தி என்று ஒரு கடைக்காரர் எனக்கே பாடம் நடத்தினார்!

பலகையா, நாடாவா என்பது பெரிய வழக்கு. முதுகு வலிக்கு வெறும் பலகைதான் மருந்து என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ஆக வெறும் பலகையும் வேண்டாம், குழி விழும் நாடாவும் வேண்டாம். நாங்கள் எடுத்தது நெருக்கமாகப் பின்னிய அகல நாடா. நாடா தளரும், தளர்ந்தால் வரிசை வரிசையாக இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அதற்குச் செலவாகும். அதற்குச் சோம்பல்படுகிற பிள்ளையானால் கனத்தைப் பொறுத்துக்கொண்டு பலகையே வாங்கட்டும், மழைக்காலத்தில் ஒட்டுப்பலகை நனையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டிலை வாங்கிவிட்டு அதன் அளவுக்கு மெத்தை தேடுங்கள். மெத்தைகள் 72, 75, 78 அங்குல நீளத்தில் வருகின்றன. உயரமான பையனுக்கு 72 அங்குலக் கட்டிலில் கால்மாட்டுக் குழாய் குதிகாலில் இடிக்கும். ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தையை மடக்கினால் முறிந்துபோகும். இலவம் பஞ்சு மெத்தை அருமைதான், ஆனால் இங்கே வெயிலில் போட மொட்டைமாடி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மூன்றாக மடியும் ஃபோம் மெத்தை ஆட்டோவின் பின் சீட்டில் அடங்கிவிடுகிறது. அதன் அடர்த்தி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முப்பத்திரண்டு, நாற்பது என்பார்கள். இங்கே எண் பெரிதானால்தான் நல்லது. காற்றடிக்கும் படுக்கை விருந்தாளிக்குச் சரி. குளிர்காலத்தில் அடியிலிருந்து சில்லிடும், ஓட்டை விழுந்தால் நள்ளிரவில் தரைதான்.

மூட்டைப்பூச்சியை மறந்துவிடக் கூடாது. வீடு மாறுகிறவன் அதையும் கூட்டிக்கொண்டு போகிறான். அது ஒளிவது நாடா மடிப்பிலும் திறந்திருக்கும் குழாய் முனையிலும்தான். குழாய் முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். இரும்புச் சட்டத்தில் கொதிநீர் ஊற்றலாம். மரத்திலும் ஒட்டுப்பலகையிலும் அது முடியாது.

ஊருக்கே திரும்புகிறவர்கள் கட்டிலை ரயிலில் கூடவே கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். பயணிகள் பெட்டிக்குள் கொண்டு போகும் பெட்டிகளுக்கு ரயில்வேயின் அளவு 100 × 60 × 25 செ.மீ. இரண்டரையடி அகலக் கட்டில் மடக்கினாலும் 75 செ.மீ. வரும். பார்சலில்தான் போட வேண்டும். அந்தச் செலவுக்கு இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம். நாங்கள் 2006-இல் கிட்வாய் நகரைக் காலி செய்தபோது நான்கு கட்டில்களையும் துணி இஸ்திரி போடுகிறவருக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பையன் இப்போது நிமிர்ந்து உட்காருகிறான். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி, மேலே என் மனைவி கொடுத்த பத்தமடைப் பாய். இந்த மாதக் கடைசியில் ஆறாவது வீடு, துவாரகாவில் இரண்டாம் மாடி. முன்பணம் கொடுப்பதற்கு முன் மாடிப்படித் திருப்பத்தை அளந்து வரச் சொல்லி டேப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.