எழுத்தும் வண்ணமும்

எழுத்துக்கு வரிவடிவம் உண்டு, ஒலிவடிவமும் உண்டு. நிறமும் உண்டோ? வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் அச்சிட்ட எழுத்து எல்லோர்க்கும் கறுப்பாகவே தோன்றும் என்று எண்ணுகிறோம். ஆயினும் சிலர்க்கு, மை கறுப்பென்று தெரிந்திருந்தும், ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய ஒரு நிறத்தோடு தோன்றுகிறது. ஒருவர்க்கு 'அ' சிவப்பு. மற்றொருவர்க்கு அதுவே பச்சை. ஆனால் அவரவர்க்கு வாய்த்த நிறம் ஆண்டுகள் கழிந்தாலும் பெரும்பாலும் மாறுவதில்லை. இதனைச் சினெஸ்தீசியா என்பர். தமிழிற் புலனிணைவு எனலாம்.

1812-ஆம் ஆண்டிலேயே ஸாக்ஸ் என்னும் ஜெர்மானியர் தமக்கு எழுத்துக்களும் எண்களும் நிறத்தோடு தோன்றுவதை எழுதிவைத்தார். பின்னர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன், இவ்வியல்பு குடும்பவழி வருவதைக் கவனித்தார். எனினும் நெடுங்காலம் பலர் இதனை வெறுங் கற்பனை என்றே ஒதுக்கினர்.

அவ்வையத்தைச் சோதனையால் ஆராய்ந்தவருள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். 5 என்னும் எண்கள் சிதறிய தாளில், அவற்றின் கண்ணாடி நிழல் போன்ற 2-களை முக்கோணம் முதலிய வடிவங்களில் ஒளித்துவைத்துச் சிறிது நேரமே காட்டினர். எண்களை நிறத்தோடு காண்போர், ஏனையோரினும் மிகுதியான தடவை மறைந்த வடிவத்தைச் சரியாகக் கூறினர். கற்பனை மட்டுமாயின் இது நிகழ்வதரிது.

காரணம் யாது? மூளையின் பின்பகுதி அடிப்புறத்தில், எழுத்துருவை இனங்காணும் பகுதியும் நிறத்தை உணரும் பகுதியும் அண்டைவீடுகள். அக்கிரகாரத்தில் இரு வீடுகட்கு ஒரே சுவர் இருப்பது போன்ற நெருக்கம். குழந்தைப் பருவத்தில் நரம்பிணைப்புகள் மிகுதி. வளர வளர வேண்டாதவை களையப்படும். சிலர்க்கு அக்களைவு குறைந்து, ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கின் ஒளி அடுத்த வீட்டிலும் படர்கிறது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். இணைப்பு எல்லார்க்கும் உள்ளதே, அதனைத் தடுக்கும் ஆற்றல்தான் சிலர்க்குக் குறைவு என்பார் பிறர். மூளைப் படங்கள் இவ்வழக்கை இன்னும் முடித்துவைக்கவில்லை.

எழுத்தறிவு பிறவியில் வருவதன்று, கற்று வருவது. ஆகவே நிறமும் கல்வியோடு கலந்தே வருகிறது. அமெரிக்காவில் 2013-இல் ஆராயப்பட்ட பதினொருவரின் எழுத்து நிறங்கள், காந்தம் பதித்த ஒரு விளையாட்டு எழுத்துத் தொகுதியின் நிறங்களைப் பெரிதும் ஒத்திருந்தன. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பழைய ஸ்லாவிய எழுத்துக்களைப் பத்து நிமிடம் எழுதிப் பழகியதுமே, பழைய எழுத்தின் நிறம் புதியதற்கும் வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் வளரும் தமிழ்க் குழந்தையை நினைத்துப் பாருங்கள். கடைப்பலகையில் மலையாளம், வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் 'ட' ஆங்கில 'எல்'லைப் போன்றது; மலையாள 'ட' ஆங்கில 'எஸ்'ஸைப் போன்றது. ஒலி ஒன்று, உரு வேறு. நிறம் ஒலியைத் தொடருமா, உருவைத் தொடருமா? பல மொழி கற்றோரிடம் இருவகையும் காணப்பட்டுள்ளன.

எழுத்தை நிறத்தோடு காண்போர் நூற்றுக்கு ஒருவர் அளவில் உளர் என்பது ஆய்வாளர் மதிப்பு. இது நோயன்று, மருந்தும் வேண்டா. "என் 'க' நீலம்; புத்தகத்தில் மஞ்சளாக இருக்கிறதே" என்று குழந்தை முறையிட்டால், பொய் என்று அதட்டாதீர்கள். அதட்டுண்ட குழந்தை நிறத்தை மறைக்கும், எழுத்தையும் வெறுக்கக்கூடும். தாய்நாட்டிற்கு வெளியே, தமிழ் படிக்க வீடொன்றே பள்ளியாக அமைந்த நமக்கு அவ்விழப்பு பெரிது. அது சொல்லும் நிறங்களைக் குறித்துவையுங்கள். சில மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி மீண்டும் கேளுங்கள். விடைகள் பெரும்பாலும் ஒத்திருப்பின், அக்குழந்தை கண்டதையே கூறியது என்று நம்பலாம்.