விட்ட காய்ச்சல் ஏன் திரும்ப வருது? டைபாய்டு மருந்துகளைத் தெரிஞ்சுக்குவோம்



திருவேங்கடம் பகுதியில் நம் குழுக்களுக்கு ‘ஆஸ்பத்திரிச் செலவு’ என்று உள்கடன் கேட்பது புதிதல்ல. ஆனால் ஒரே காய்ச்சலுக்கு இரண்டாவது தடவை கடன் கேட்க வேண்டி வந்தால் அந்தக் குடும்பம் ஆடிப்போகும். முதல் கடன் அடைந்திருக்காது. தீப்பெட்டி ஆபீஸ் கூலியும் போயிருக்கும். டைபாய்டு அப்படித் திரும்பி வரக்கூடிய காய்ச்சல். “போன மாசம்தானே மருந்து சாப்பிட்டோம், மறுபடியும் எப்படி வந்துச்சு?” என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், வீண் செலவையும் ஆபத்தையும் பெருமளவு தடுக்கலாம்.

கிருமி எங்கே ஒளிகிறது?

அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக ‘சால்மோனெல்லா டைஃபி’ என்ற கிருமி நம் குடலுக்குள் போகிறது. பிறகு ரத்தத்தில் கலந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை என்று பல இடங்களில் தங்குகிறது. நம் உடம்பைக் காக்கிற செல்களுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். மருந்து பட்டதும் ரத்தத்தில் உள்ள கிருமி குறையும், காய்ச்சலும் விடும். ஒளிந்திருப்பவை மிச்சம் இருந்தால் மறுபடி பெருகும். பெரும்பாலும் காய்ச்சல் விட்ட 2, 3 வாரத்தில் திரும்ப வரும்.

எந்த மருந்து, எத்தனை நாள்?

குளோராம்பெனிகால்: டைபாய்டுக்கு 1948-ல் வந்த முதல் நல்ல மருந்து. அதற்கு முன்பு இந்த நோய் வந்த 100 பேரில் 10 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இதை 2, 3 வாரம் சாப்பிட வேண்டும். அப்படியும் 100-க்கு 5 முதல் 10 பேருக்குக் காய்ச்சல் திரும்பும். அபூர்வமாக எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும். பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1972-லேயே இந்த மருந்துக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது.

சிப்ரோஃப்ளாக்சசின்: 1980-களின் கடைசியில் பழைய மருந்துகள் பல கேட்காமல் போனபோது கைகொடுத்த மாத்திரை. கிருமி கட்டுப்பட்டால் 4 நாளில் காய்ச்சல் விடும், திரும்ப வருவதும் குறைவு. ஆனால் 1990-களிலிருந்து கிருமி இதற்கும் பழகிவிட்டது. இப்போது இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகள் இதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. “அன்னைக்குக் கேட்டுச்சே” என்று பழைய சீட்டை வைத்து வாங்கக் கூடாது.

செஃப்ட்ரியாக்சோன்: ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போடும் ஊசி. 10 முதல் 14 நாள் போட வேண்டும். காய்ச்சல் முழுசாக விட ஒரு வாரம் கூட ஆகும். “மூணு ஊசி போட்டும் விடலையே” என்று பாதியில் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

செஃபிக்சிம்: இதே வகையைச் சேர்ந்த மாத்திரை, குழந்தைகளுக்கு சிரப். வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். நேபாளத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில் இதை 7 நாள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 37 பேருக்கு மேல் சிகிச்சை பலிக்கவில்லை. கூடவே ஒப்பிட்டுப் பார்த்த கேட்டிஃப்ளாக்சசின் மாத்திரையில் அது 4 பேருக்கும் குறைவு. ஆனால் அந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக்கும் என்பதால் 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆக, நோயை விரட்டினால் மட்டும் போதாது, உடம்புக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அசித்ரோமைசின்: பொதுவாக 7 நாள். கிருமி ஒளிந்திருக்கும் செல்லுக்குள்ளேயே புகுந்து வேலை செய்யும். எகிப்தில் குழந்தைகளிடம் நடத்தி 2000-லும் 2004-லும் வெளியான இரண்டு ஆய்வுகளில், இந்த மருந்து குடித்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசியை 5 அல்லது 7 நாள் மட்டும் போட்ட பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பியது.

அப்ப எல்லாருக்கும் அதையே கொடுக்கலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால் விடாமல் வாந்தி எடுப்பவர்களுக்கும், மிகவும் தளர்ந்து போனவர்களுக்கும் ஊசிதான் சரி. இன்னொரு காரணமும் உண்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் செஃப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படாத டைபாய்டு கிளம்பியது. அங்கே மாத்திரையாகக் கொடுக்க மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். சளிக்கும் சாதா இருமலுக்கும் அதையே கடையில் வாங்கி விழுங்கினால், நாளைக்கு டைபாய்டுக்குக் கொடுக்க மாத்திரை இருக்காது.

ரத்தப் பரிசோதனையில் கவனம்

பல இடங்களில் ‘வைடால்’ சோதனை மட்டும் செய்கிறார்கள். பழைய காய்ச்சலாலும் அது ‘இருக்கு’ என்று காட்டும், சில சமயம் உண்மையான டைபாய்டையும் தவறவிடும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனையில்தான் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது தெரியும். முடிவு வரச் சில நாள் ஆகும். அதற்கு மருந்து தொடங்கும் முன்பே ரத்தம் கொடுப்பது நல்லது. காய்ச்சல் திரும்ப வந்தவர்கள் டாக்டரிடம் “கல்ச்சர் எடுக்கலாமா?” என்று கட்டாயம் கேளுங்கள்.

திரும்ப வருவதற்குக் காரணங்கள்

1. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது.
2. கிருமி கட்டுப்படாத மருந்தைச் சாப்பிடுவது.
3. பழைய அசுத்தத் தண்ணீரையே குடித்துப் புதிதாகத் தொற்றுவது.
4. பித்தப்பையில் கிருமி தங்கிவிடுவது. 100-க்கு 1 முதல் 5 பேருக்கு இப்படி ஆகும். காய்ச்சலே இருக்காது, ஆனால் மலத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும். சமைப்பவர் என்றால் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். இதற்குத் தனியாக நீண்ட நாள் சிகிச்சை வேண்டும்.

முழுசாகச் சாப்பிட்ட சிலருக்கும் திரும்ப வரலாம். அதற்காக நோயாளியைத் திட்டக் கூடாது. உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

* மருந்து தொடங்கிய தேதியையும் எத்தனை நாள் என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.
* மாத்திரை அட்டை, சீட்டு, ஊசி விவரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். திரும்பப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.
* கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து மாறும்.
* கடும் வயிற்றுவலி, கறுத்த மலம், மலத்தில் ரத்தம், பிதற்றல் இருந்தால் நேரம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.
* தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கழிப்பறை போய் வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
* டைபாய்டுக்குத் தடுப்பூசி உண்டு. 6 மாதக் குழந்தைக்குக் கூடப் போடலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள்.

ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் இதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். யார் வீட்டிலாவது டைபாய்டு என்றால், “காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “மாத்திரை இன்னும் எத்தனை நாள் பாக்கி?” என்றும் கேட்போம். சந்தா பாக்கியை வாராவாரம் கேட்கிற நமக்கு இது பெரிய வேலையா என்ன?