பாய் ஸ்கவுட்ஸில் பெண்கள்: 109 ஆண்டு கதவு திறந்தது எப்படி? கேர்ள் ஸ்கவுட்ஸே எதிர்த்தது ஏன்?

அண்ணன் கேம்ப் போகிறான். தங்கையும் கூடவே போகிறாள். அவன் போடும் முடிச்சை அவளும் போடுகிறாள், அவன் ஏறும் மலையை அவளும் ஏறுகிறாள். ஆனால், பேட்ஜ் கொடுக்கும் நாள் வந்தால் மேடைக்குக் கூப்பிடுவது அண்ணனை மட்டும்தான். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "இது பாய் ஸ்கவுட்ஸ்மா."

அமெரிக்காவில் இந்தப் பதில் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு செல்லாமல் போனது. 1910-இல் தொடங்கிய 'பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா' அமைப்பு, அன்று முதல் தனது முக்கியமான பயிற்சித் திட்டத்தில் 11 முதல் 17 வயது வரையிலான பெண்களையும் சேர்க்கத் தொடங்கியது. பிறகு அமைப்பின் பெயரே மாறிவிட்டது.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. இந்த முடிவை எதிர்த்து கோர்ட் வரை போனது பழமைவாதிகள் அல்ல. பெண்களுக்காகவே நடக்கும் கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பு. என்னதான் நடந்தது?

சாரணர் இயக்கம் ஆண்களுக்கு மட்டும் என்று ஆனது எப்படி?

சாரணர் இயக்கத்தின் தொடக்கம் இங்கிலாந்து. ராணுவ அதிகாரியான ராபர்ட் பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்கு ஒரு சோதனை முகாம் நடத்தினார். அடுத்த ஆண்டு 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' புத்தகம் வெளியானது. தலைப்பிலேயே 'பாய்ஸ்' இருந்தும், அதைப் படித்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதி, ஆணா பெண்ணா என்றே தெரியாதபடி பதிவு செய்துகொண்டவர்களும் உண்டு.

1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்களின் பெரிய பேரணி நடந்தது. அங்கே அழைப்பே இல்லாமல் சாரணர் சீருடையில் சில பெண்கள் வந்து நின்றார்கள். 'நாங்கள்தான் கேர்ள் ஸ்கவுட்ஸ்' என்றார்கள். பேடன் பவல் அவர்களைச் சிறுவர்களோடு சேர்க்கவில்லை. 1910-இல் 'கேர்ள் கைட்ஸ்' என்று தனி அமைப்பைத் தொடங்கி, பொறுப்பைத் தன் சகோதரி ஆக்னஸிடம் கொடுத்தார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்ற பிரிவினை தொடங்கியது இங்கேதான்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். 1910-இல் பாய் ஸ்கவுட்ஸ். 1912 மார்ச் 12-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலம் சவானாவில் ஜூலியட் கார்டன் லோ என்ற பெண்மணி 18 சிறுமிகளோடு தொடங்கியது இன்றைய கேர்ள் ஸ்கவுட்ஸ். அப்போதே பெயரில் தகராறு வந்தது. 'ஸ்கவுட்' என்ற சொல்லைப் பெண்கள் பயன்படுத்தக் கூடாது என்று கடுமையாக எதிர்த்தார் பாய் ஸ்கவுட்ஸின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் வெஸ்ட். அதே சொல்லுக்காக 100 ஆண்டுக்குப் பிறகு கேர்ள் ஸ்கவுட்ஸ் கோர்ட்டுக்குப் போகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

பெண்களுக்குத்தான் தனி அமைப்பு இருக்கே... பிறகென்ன பிரச்னை?

2017-இல் பலரும் கேட்ட கேள்வி இது. அப்போது அதிபராக இருந்த டொனால்ட் டிரம்பின் மகன் டிரம்ப் ஜூனியர்கூட, கேர்ள் ஸ்கவுட்ஸ் இருப்பதே அதற்குத்தானே என்ற பொருளில் ட்வீட் போட்டார்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பதில் ஒரு பதக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'ஈகிள் ஸ்கவுட்'.

பாய் ஸ்கவுட்ஸில் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலை அது. முதலுதவி, முகாம் வாழ்க்கை, சமையல், குடிமை அறிவு, பண நிர்வாகம் என்று குறைந்தது 21 தகுதி பேட்ஜ்கள் வாங்க வேண்டும். ஊருக்குப் பயன்படும் சேவைப் பணி ஒன்றைத் தானே திட்டமிட்டு, ஆள் திரட்டி, தலைமை தாங்கி முடிக்க வேண்டும். எல்லாம் 18 வயதுக்குள். ரொம்பச் சிலரால்தான் முடியும்.

முடித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஆயுசுக்கும் கூட வரும். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஒரு ஈகிள் ஸ்கவுட். முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டும் அப்படித்தான். கல்லூரி விண்ணப்பத்திலும் வேலைக்கான பயோடேட்டாவிலும் இந்த இரண்டு வார்த்தைக்குத் தனி மதிப்பு. அமெரிக்க ராணுவத்தில் சிப்பாயாகச் சேரும் ஈகிள் ஸ்கவுட்டுக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் ஊதிய நிலை கிடைக்கும்.

கேர்ள் ஸ்கவுட்ஸிலும் இதற்கு இணையான 'கோல்டு அவார்டு' உண்டு. அதுவும் பெரிய உழைப்பைக் கேட்கும். ராணுவம் அதற்கும் அதே சலுகையைத் தருகிறது. ஆனால் ஈகிள் ஸ்கவுட் என்றால் புரிகிற அளவுக்குக் கோல்டு அவார்டு என்றால் மக்களுக்குப் புரிவதில்லை. உழைப்பு ஒன்றுதான், அங்கீகாரம் ஒன்றல்ல என்பதே பெண்கள் தரப்பின் ஆதங்கம்.

அதற்கு முன் பாய் ஸ்கவுட்ஸில் பெண்களே இல்லையா?

இருந்தார்கள். பதின்ம வயதினருக்கான 'எக்ஸ்ப்ளோரிங்' திட்டம் 1970-களிலேயே பெண்களைச் சேர்த்தது. 1998-இல் வந்த 'வென்ச்சரிங்' திட்டத்தில் 14 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு. மலையேற்றம், படகுப் பயணம் எல்லாம் சேர்ந்தே போகலாம். ஆனால் ஈகிள் ஸ்கவுட் பாதை மட்டும் பெண்களுக்கு மூடியிருந்தது.

அண்ணன் தம்பிகளோடு அதிகாரபூர்வமற்ற முறையில் போய்வந்த சிறுமிகளும் இருந்தார்கள். அப்படி நியூயார்க்கில் சின்ன வயதிலிருந்தே அண்ணனின் குழுவோடு பயிற்சி எடுத்த ஒரு மாணவி, ஆன்லைன் மனு மூலம் ஆதரவு திரட்டினார். 'தேசிய மகளிர் அமைப்பு' 2017-இல் அவர் பக்கம் நின்றது.

சட்டம் கட்டாயப்படுத்தியதா?

இல்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் 9' சட்டம் அமெரிக்காவில் 1972-இல் வந்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தில் பாய் ஸ்கவுட்ஸ், கேர்ள் ஸ்கவுட்ஸ் இரண்டுக்குமே பெயர் சொல்லி விலக்கு தரப்பட்டது. அதாவது, பையன்களை மட்டும் சேர்ப்பது சட்டப்படி தப்பே இல்லை. 2017 அக்டோபர் 11-ஆம் தேதி வந்த அறிவிப்பு, பாய் ஸ்கவுட்ஸ் நிர்வாகம் தானாக எடுத்த முடிவு.

நிர்வாகம் சொன்ன காரணம் குடும்பங்களின் வசதி. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மகனை ஒரு இடத்துக்கும் மகளை இன்னொரு இடத்துக்கும் கூட்டிப்போக முடியவில்லை. ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று பெற்றோர் கேட்பதாகச் சொன்னது.

விமர்சகர்கள் சொன்ன காரணம் வேறு: உறுப்பினர் எண்ணிக்கை. 1970-களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களோடு உச்சத்தில் இருந்த அமைப்பு, 2017-இல் கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கியிருந்தது. பையன்கள் குறைந்ததால்தான் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்களா என்று கேட்டார்கள்.

கேர்ள் ஸ்கவுட்ஸ் எதிர்த்தது ஏன்?

அறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 ஆகஸ்டில், கேர்ள் ஸ்கவுட்ஸின் தேசியத் தலைவர் கேத்தி ஹோபின்கா ஹன்னன் பாய் ஸ்கவுட்ஸுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார். ரகசியமாகப் பெண்களைச் சேர்க்கும் வேலை நடக்கிறது என்பது அவரது குற்றச்சாட்டு. இன்னும் அமைப்பில் சேராத கோடிக்கணக்கான சிறுவர்கள் இருக்க, பெண்கள் பக்கம் ஏன் திரும்ப வேண்டும் என்பது அந்தத் தரப்பின் கேள்வி.

அவர்களின் வாதம் இதுதான்: பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் கூடாரம் அடிப்பதும் பெண், அடுப்பு மூட்டுவதும் பெண், குழுவுக்குத் தலைமை தாங்குவதும் பெண். பையன்களோடு சேர்ந்தால் கணக்கு எழுதுகிற வேலையும் பாத்திரம் கழுவுகிற வேலையும் பெண்கள் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. இந்தத் தனி இடம், 100 ஆண்டுகளாகப் பெண்களே கட்டி எழுப்பியது.

2018-இல் பாய் ஸ்கவுட்ஸ் தனது முக்கியத் திட்டத்தின் பெயரை 'ஸ்கவுட்ஸ் பிஎஸ்ஏ' என்று மாற்றியது. 'பாய்' போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் கேர்ள் ஸ்கவுட்ஸ் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டது. கேர்ள் ஸ்கவுட்ஸ் என்று நினைத்து, தெரியாமல் மகளை பாய் ஸ்கவுட்ஸில் சேர்த்துவிடுகிறார்கள் பெற்றோர். எங்கள் பெயரும் அடையாளமும் அடிபடுகிறது என்றது மனு.

தீர்ப்பு 2022 ஏப்ரலில் வந்தது. 'ஸ்கவுட்' என்ற சொல் இரு அமைப்புகளும் செய்யும் பணியைக் குறிப்பது, அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்றார் நீதிபதி ஆல்வின் ஹெல்லர்ஸ்டீன். கேர்ள் ஸ்கவுட்ஸின் உண்மையான கவலை பெயர்க் குழப்பம் அல்ல, போட்டி பற்றிய பயம் என்றும் குறிப்பிட்டார். சில மாதங்களில் இரு தரப்பும் சமரசமாகி விவகாரத்தை முடித்துக்கொண்டன.

சட்டப்படி பாய் ஸ்கவுட்ஸுக்கு வெற்றி. ஆனால் கேர்ள் ஸ்கவுட்ஸ் எழுப்பிய கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை. பெரிய கதவு திறந்தால், பெண்கள் தங்களுக்காகக் கட்டிய சின்ன வீடு காலியாகுமா என்பதே அந்தக் கேள்வி.

ஆண், பெண் ஒன்றாகவா பயிற்சி?

பலரும் தப்பாகப் புரிந்துகொண்டது இதைத்தான். 2019-இல் வந்தது கலப்புக் குழு அல்ல. பெண்களுக்குத் தனிக் குழு, பையன்களுக்குத் தனிக் குழு. ஆனால் கையேடு ஒன்று, பேட்ஜ் ஒன்று, விதி ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு குழுவும் கூடலாம், பொறுப்பாளர்கள் சேர்ந்து செயல்படலாம்.

ஈகிள் ஸ்கவுட் விதியில் தள்ளுபடியும் இல்லை. அண்ணனோடு சேர்ந்து முன்பு செய்த எதுவும் கணக்கில் வராது. உறுப்பினரான நாளிலிருந்து முதல் முடிச்சில் தொடங்க வேண்டும். ஏற்கெனவே 16, 17 வயதைத் தொட்டவர்களுக்கு 18 வயதுக்குள் முடிப்பது சாத்தியமில்லை என்பதால் அவர்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் தரப்பட்டது.

விளைவு? 2021 பிப்ரவரியில் ஈகிள் ஸ்கவுட் ஆன பெண்களின் முதல் அணி அறிவிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 1,000 பேர். பொண்ணுங்களால் முடியுமா என்ற கேள்விக்கு இரண்டே ஆண்டில் பதில் கிடைத்தது.

அமைப்பு தப்பித்ததா?

பெண்கள் வந்ததால் மட்டும் பாய் ஸ்கவுட்ஸின் சிக்கல் தீரவில்லை. பல ஆண்டுகளாகச் சிறுவர்கள் மீது நடந்த பாலியல் அத்துமீறல் புகார்கள் குவிந்ததால், 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்பு கேட்டு மனு செய்தது. 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். சுமார் 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு, ஆணா பெண்ணா என்பதைவிடப் பெரிய கேள்வி பாதுகாப்பு. அதற்குப் புதிய பெயர் மட்டும் பதில் ஆகாது.

அதற்கிடையே, நீண்டகாலக் கூட்டாளியான மார்மன் திருச்சபை 2019 இறுதியில் விலகி, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களோடு வெளியேறியது. பின்னாலேயே கொரோனா. 2019-இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த முக்கியத் திட்டங்களின் உறுப்பினர் எண்ணிக்கை 2021-இல் 7.62 லட்சமாகச் சரிந்தது. அதே காலத்தில் கேர்ள் ஸ்கவுட்ஸும் சுமார் 14 லட்சத்திலிருந்து 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு இறங்கியது. அடி இரண்டு பக்கமும் விழுந்தது.

2024 மே மாதம் அமைப்பு பெயர் மாற்றத்தை அறிவித்தது. அப்போது மொத்த உறுப்பினர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் பெண்கள் 1.76 லட்சத்துக்கும் அதிகம். ஈகிள் ஸ்கவுட் ஆன பெண்கள் 6,000-ஐத் தாண்டியிருந்தார்கள். 115-ஆவது ஆண்டு விழாவான 2025 பிப்ரவரி 8 முதல் பெயர் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா'.

மற்ற நாடுகளில் எப்படி?

இயக்கம் பிறந்த பிரிட்டன் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. அங்கே 1976-இல் மூத்த பிரிவில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். 1991-இல் விரும்பும் குழுக்கள் எல்லா வயதுப் பெண்களையும் சேர்க்கலாம் என்றானது. 2007 முதல் அது கட்டாயம். ஆனாலும் பெண்களுக்கு மட்டுமான 'கேர்ள்கைடிங்' அமைப்பு அங்கே மூடப்படவில்லை. விரும்பிய இடத்தில் சேரலாம் என்ற நிலை.

இந்தியாவில் கதை வேறு. 1950 நவம்பர் 7-ஆம் தேதி சாரணர் அமைப்புகள் இணைந்து 'பாரத் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ்' உருவானது. 1951-இல் பெண்களின் கைட்ஸ் அமைப்பும் அதில் சேர்ந்தது. அதனால்தான் இங்கே பள்ளிகளில் சாரணர், சாரணியர் இருவரும் ஒரே குடையின் கீழ் இருக்கிறார்கள். குழுக்கள் தனித்தனி. ஆனால் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருதும், உச்சமான குடியரசுத் தலைவர் விருதும் இருபாலருக்கும் உண்டு. அமெரிக்கா 2019-இல் வந்து சேர்ந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் இந்தியா 1951-லேயே நின்றது.

சரி, யார் சொல்வது சரி?

தனக்குப் பிடித்த பதக்கத்துக்கு முயற்சி செய்யக்கூட அனுமதி இல்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்வது இனி எடுபடாது. அந்த வாதம் முடிந்துவிட்டது. அதே நேரம், பெண்கள் தயக்கமில்லாமல் முன்னால் வந்து நிற்கப் பழகும் ஒரு தனி இடம் தேவையில்லை என்றும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

பிரிட்டனில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் அது நடக்க, கோல்டு அவார்டு என்றதும் ஈகிள் ஸ்கவுட்டுக்குக் கிடைக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும். எந்தக் கதவு வழியாகப் போவது என்பதை அப்போதுதான் அந்தத் தங்கை முழு மனதோடு தேர்ந்தெடுக்க முடியும்.