கடல் கடந்த சுற்றுலாவில் காணத் தவறும் தெருக்கள்

கோடை விடுமுறை என்றால் ஊட்டியும் ஏற்காடும் மட்டுமே நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று சிங்கப்பூர், மலேசியா என்னும் பெயர்கள் காஞ்சியின் நடுத்தரக் குடும்பங்களிலும் இயல்பாக ஒலிக்கின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணத்தில் சிங்கப்பூரை அடைந்துவிடலாம். ஆயினும் அந்த நான்கு மணி நேரத்திற்காகப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமிக்கும் குடும்பங்களே நம்மிடையே மிகுதி. வாழ்நாளில் ஒரு முறை வாய்க்கும் பயணம் அது. அதனை எப்படிச் செலவிடுவது என்பது சிறிய வினா அன்று.

சுற்றுலா நிறுவனங்கள் தரும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். சிங்கத் தலைச் சிலை, கேளிக்கைப் பூங்கா, இரட்டைக் கோபுரம், கடைவீதி. மறுபடியும் ஒரு கடைவீதி. இவை பார்க்கத் தகாதவை என்று கூறவில்லை. ஆனால் பயணம் முடித்துத் திரும்பும் பிள்ளைகளிடம், "அங்கே என்ன கண்டாய்?" என்று வினவினால், உயரமான கட்டடங்களும் ஊஞ்சல்களும் தவிர வேறெதுவும் விடையாக வருவதில்லை. அந்நகரங்களில் நம் முன்னோர் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுதிய வரலாறு ஒன்று நிற்கின்றது. அத்தெருக்களின் ஓரமாகவே நம் பேருந்துகள் கடந்து செல்கின்றன.

நம் ஊருக்கு வருவோர்

இதன் குறையைக் காஞ்சிபுரத்தார் எளிதில் உணரலாம். நம் ஊரும் ஒரு சுற்றுலாத் தலமே. காலையில் சென்னையிலிருந்து புறப்படும் வண்டிகள் இரண்டு மூன்று பெரிய கோயில்களின் வாசலில் நிற்கும். பின்னர் ஒரு பட்டுக்கடை. பிற்பகலில் மாமல்லபுரம் நோக்கிப் புறப்பட்டு விடுவர். எங்கள் பிள்ளையார்பாளையத்தை ஒட்டி நிற்கும் கைலாசநாதர் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியது. மணற்கல்லால் ஆன அக்கட்டடத்தின் திருச்சுற்றில் 58 சிறு சன்னதிகள் வரிசையாக உள்ளன. பழைய வண்ண ஓவியங்களின் எச்சங்களும் உள்ளன. அது நாம் தொழும் இடம் அன்று. ஆயினும் நம் ஊரின் வரலாறு. அதனைக் கால் மணி நேரத்தில் கடந்து செல்வோர் உண்டு. பாராமலே போவோரும் உண்டு. அருகிலுள்ள தெருக்களில் தறிச் சத்தம் கேட்டும், ஒரு சேலை எப்படி உருவாகின்றது என்று எட்டிப் பார்ப்போர் சிலரே.

"இவர்கள் காஞ்சியைப் பார்க்கவே இல்லையே" என்று நாம் வருந்துகின்றோம். அதே குறையை நாம் பிறர் ஊரில் செய்யலாகாது. அதிலும், அந்த ஊரில் நம்மவர் கட்டிய தெருவையே பாராமல் திரும்பலாகாது.

கப்பலேறிய முன்னோர்

சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களை மலாய் நாட்டில் 'சூலியா' என்று அழைத்தனர். சோழர் என்னும் பெயரின் திரிபு அது என்பர். ஆங்கிலேயர் 1786-இல் பினாங்கிலும் 1819-இல் சிங்கப்பூரிலும் குடியேற்றம் அமைத்த தொடக்க ஆண்டுகளிலேயே இவர்கள் அங்கே வணிகர்களாகவும் படகோட்டிகளாகவும் துறைமுகத் தொழிலாளர்களாகவும் இருந்தனர். பின்னாளில் 'ரஜூலா' கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கடல்வழியில் ஓடியது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுற்றது. முதியோர் உள்ள வீடுகளில் இப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எத்தனையோ கதைகள் பிறக்கும்.

தெலுக் ஆயர் தெரு

சிங்கப்பூரில் முதலில் காண வேண்டியது தெலுக் ஆயர் தெருவாகும். 'தெலுக்' என்றால் மலாய் மொழியில் விரிகுடா. இன்று வானளாவிய கட்டடங்களின் நடுவே இருக்கும் இத்தெரு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும் வரை கடற்கரையாகவே இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியோர் முதலில் கால் வைத்த மண் இது. உயிரோடு கரை சேர்ந்ததற்கு இறைவனுக்கு நன்றி கூற அவரவர் தத்தம் வழிபாட்டிடங்களை இங்கேயே எழுப்பினர்.

நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இங்குள்ளது. இதில் அடக்கத்தலம் இல்லை. ஊர் நினைவைச் சுமந்து சென்றோர் கட்டிய நினைவிடமே இது. 1974-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கட்டடத்தில் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இயங்குகின்றது. இதே தெருவில் அல்-அப்ரார் பள்ளிவாசல் உள்ளது. 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் தமிழர் இதனைக் 'குச்சுப்பள்ளி' என்றனர். 1850-களில் செங்கல் கட்டடமாகியும் குச்சு என்னும் அப்பழைய பெயர் மறையவில்லை. இரண்டுக்கும் அருகே, சீனக் கடலோடிகள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹோக் கெங் கோயில் நிற்கின்றது. இத்தெருவை நிதானமாக நடந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். கட்டணம் ஏதும் இல்லை.

பெரியபள்ளியும் கோபுரத் தெருவும்

அங்கிருந்து நடக்கும் தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலை. அங்கே 1826-இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் உள்ளது. தமிழர் வாயில் இது 'பெரியபள்ளி'. இப்போதுள்ள கட்டடம் 1830-களில் எழுந்தது. வாயிலின் இரு மருங்கிலும் எண்கோண மினாராக்கள் நிற்கின்றன. நுழைவாயில் சாலையை நேராக நோக்கியிருக்க, உள்ளே தொழுமிடம் மட்டும் சற்றுக் கோணமாகத் திரும்பி இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாயில் தெருவின் போக்கிற்கு இணங்கியது. தொழுமிடம் கிப்லாவுக்கு இணங்கியது. ஒரு பாடம் முழுவதையும் அந்தக் கோணம் ஒன்றே சொல்லிவிடும்.

இப்பள்ளியின் அருகிலேயே நாராயண பிள்ளை என்பவர் முன்னின்று 1827-இல் அமைத்த மாரியம்மன் கோயில் உள்ளது. பள்ளிவாசலால் ஒரு தெருவுக்கு 'மாஸ்க் தெரு' என்றும், கோயில் கோபுரத்தால் அடுத்த தெருவுக்கு 'பகோடா தெரு' என்றும் பெயர் ஏற்பட்டது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அவை பக்கத்து வீட்டாராக வாழ்கின்றன.

ஏழைகளின் புட்டிகள்

கம்போங் கிளாம் பகுதியில் உள்ள சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் கும்மட்டத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. 1820-களில் சுல்தான் ஹுசைன் ஷா காலத்தில் எழுந்த பள்ளிக்குப் பதிலாக 1932-இல் இன்றைய கட்டடம் நிறைவுற்றது. கும்மட்டத்தின் அடியில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். அது வண்ணப் பூச்சு அன்று; கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களை வரிசையாகப் பதித்தது. பெரும் பணம் தர இயலாத ஏழை மக்களும் இப்பணியில் பங்கு பெற வேண்டும் என்று அவர்களிடமிருந்து புட்டிகள் பெறப்பட்டன. படம் எடுப்பவர் பலர். இந்த வளையத்தின் கதையை அறிந்து திரும்புபவர் சிலர்.

சிராங்கூன் சாலைக்குச் சென்றால் பட்டுச் சேலை, மல்லிகை, தமிழ் எழுத்து யாவும் நம் ஊர்போலவே இருக்கும். அங்கே டன்லப் தெருவில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பில் கதிரவன் போன்ற வடிவம் ஒன்று உண்டு. அதன் 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மதரஸாவில் பாடமாக ஓதிய பெயர்களைப் பிள்ளைகள் அங்கே தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அருகில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் காணத்தக்கது. 1887-இல் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழை நடத்திய நகரம் இது என்பதையும் நினைவில் கொள்க.

இனிய செய்தி ஒன்று: தெலுக் ஆயர், சைனாடவுன், பூகிஸ், லிட்டில் இந்தியா ஆகிய நான்கு நிலையங்களும் 'டவுன்டவுன்' என்னும் ஒரே ரயில் தடத்தில் உள்ளன. மேற்சொன்ன யாவற்றையும் ஒரே நாளில், குறைந்த செலவில் கண்டுவிடலாம்.

பினாங்கும் மலாக்காவும்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக நியமிக்கப்பட்ட காதர் முகைதீன் அவர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இந்நகரின் அணிகலன். அப்பள்ளியை விட்டு வெளிவந்து சற்று நடந்தால் மாரியம்மன் கோயில், சீனரின் கருணைத் தாய் கோயில், 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம் யாவும் அடுத்தடுத்து வருகின்றன. 'நல்லிணக்கத் தெரு' என்றே இதனை வழங்குகின்றனர்.

பினாங்கின் 'நாசி கண்டார்' உணவைச் சுவைக்காமல் திரும்பாதீர்கள். நாசி என்றால் சோறு; கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. நம்மவர் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பு வகைகளும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுத் திரிந்த உணவு அது. இன்று நாடு முழுவதும் பெரும் உணவகங்களில் பரிமாறப்படுகின்றது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தர, 1923-இல் தொடங்கப்பட்ட மலை ரயில் பினாங்கு மலைமீது ஏற்றிச் செல்லும். பாதையும் வண்டிகளும் புதுப்பிக்கப்பட்டு 2011-இல் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. உச்சியில் பள்ளிவாசலும் முருகன் கோயிலும் உண்டு.

மலாக்காவில் 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் மலாய் அடுக்குக் கூரையும், சீனப் பகோடா போன்ற மினாராவும் கொண்டது. அதே வரிசையில் 1781-ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோயிலும், பழமையான சீனக் கோயிலும் உள்ளன.

நெசவாளர் காண வேண்டியது

கோலாலம்பூரில் 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத்தை யாரும் தவறவிடுவதில்லை. நம் ஊரார் தவறவிடக் கூடாத இடம் 1998-இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். பல நாட்டுப் பள்ளிவாசல்களின் மாதிரி வடிவங்களும் திருக்குர்ஆன் கையெழுத்துப் படிகளும் அங்குள்ளன. ஆடைகளுக்கெனத் தனிக்கூடமும் உண்டு.

மலாய் மக்களின் 'சொங்கெட்' துணியையும் பாருங்கள். பாவில் ஓடும் ஊடைக்கு மேலாகப் பொன், வெள்ளிச் சரிகை இழைகளைச் செருகிக் கைத்தறியில் நெய்வது அது. 2021-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நம் காஞ்சிப் பட்டில் மூன்று நாடாக்கள் கொண்டு உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை முறையை அறிந்த ஒருவர், சொங்கெட் தறியின் முன் நின்றால் மொழி தெரியாமலே பேசிக்கொள்வார். விசைத்தறியின் மலிவான துணி இரு தொழில்களையும் நெருக்கும் இந்நாளில், அவர்கள் தம் துணிக்கு எவ்வளவு மதிப்பளிக்கின்றனர் என்பதைக் கண்டு வருவது நம் இளைஞர்களுக்குப் பயன் தரும்.

பிள்ளைகளின் பங்கு

வரலாறு மட்டும் காட்டினால் பிள்ளைகள் சலிப்படைவர். எனவே முற்பகல் ஒரு தெரு, பிற்பகல் ஒரு பூங்கா எனப் பிரித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1859-இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2015-இல் அதுவும் உலக மரபுச் சின்னமாயிற்று. ஜூரோங் பறவைப் பூங்கா 2023-இல் மூடப்பட்டு, அதன் பறவைகள் மண்டாயில் உள்ள புதிய பூங்காவுக்கு மாறிவிட்டன. பழைய வழிகாட்டி நூல்களை நம்பிச் செல்வோர் இதனைக் கவனிக்க.

சில குறிப்புகள்

சிங்கப்பூர், மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முற்பட்டது. அங்கே லுஹர் ஏறத்தாழ ஒரு மணிக்கும் மஃரிப் ஏழு மணியளவிலும் அமையும். அதற்கேற்பப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். உணவகங்களில் ஹலால் சான்றிதழைக் கண்டு நுழைக. சிங்கப்பூரில் முயிஸ் மன்றமும் மலேசியாவில் ஜாக்கிம் துறையும் அதனை வழங்குகின்றன. சிங்கப்பூரில் குப்பை போட்டால் அபராதம் உண்டு. 1992 முதல் சூயிங்கத்துக்கும் தடை உண்டு. பிற சமயத்தார் வழிபாட்டிடங்களில் படம் எடுக்குமுன் அனுமதி கேட்பது நற்பண்பு. நம் பள்ளிவாசலில் பிறர் எப்படி நடக்க வேண்டும் என்று விரும்புகின்றோமோ, அப்படியே நாமும் நடப்போம்.

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை நம்மைத் தூண்டுகின்றது. விரைந்து செல்லும் பேருந்தின் சன்னல் வழியே காண்பது சிந்தனைக்கு இடம் தராது. இறங்கி நடந்து காண்பதே இடம் தரும். பெட்டி கட்டுமுன் ஒரு மாலைப்பொழுது குடும்பத்தோடு அமர்ந்து, எந்தத் தெருவை எந்த நாளில் காண்பது என்று எழுதி வையுங்கள். நிறுவனத்தாரிடம், கடைவீதிக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியைத் தெலுக் ஆயருக்குத் தரும்படி கேளுங்கள்.

நம் தெருவுக்கு ஒரு வெளியூரார் வந்து தறிச் சத்தம் கேட்டு நின்றால், அவரை உள்ளே அழைத்துக் காட்டுங்கள். கடல் கடந்த தெருவில் அறியாத ஒருவர் நமக்குச் செய்யும் உதவிக்கு அதுவே கைம்மாறு. பயணம் செல்வோரின் பாதையை வல்ல இறைவன் எளிதாக்குவானாக!