ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலியா?

குறுவள மையக் கூட்டத்தின் மதிய இடைவேளையில் யாராவது ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தால் போதும், பாடக் குறிப்பேடு, பதிவேடு எல்லாம் மறந்துபோகும். ஒருவர் இடுப்பு பெல்ட் போடச் சொல்வார். இன்னொருவர் பத்து நாள் அசையாமல் படுக்கச் சொல்வார். மூன்றாமவர், "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க சார், மனசுக்கு நிம்மதி" என்பார். இந்த மூன்று யோசனைகளையும் ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த முடிவுகள் நம் பேச்சுக்குப் பெரும்பாலும் எதிராகவே இருக்கின்றன. பட்டுக்கோட்டைப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஓர் ஆய்வு எப்படி நடத்தப்பட்டது, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்ப்பது நம் வேலைதானே.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியோடு இருந்தார்கள் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. 2050இல் இது 84.3 கோடியாகக் கூடும். மனிதரை வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் இதற்கே முதலிடம். எங்கள் பகுதிக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. குறுவை, சம்பா நடவில் காலை முதல் மாலை வரை குனிந்தே நிற்கும் தாய்மார்களும், பாரையில் தேங்காய் உரிப்பவர்களும், லாரியில் மூட்டை ஏற்றுபவர்களும்தான் எங்கள் மாணவர்களின் பெற்றோர். எண்ணும் எழுத்தும் வகுப்பில் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் ஆசிரியர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டை 'டிஸ்க்' என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் அது 'ஜவ்வு'. அந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால்வரை வலி இறங்கும் என்பதை 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கினார்கள். அது உண்மையான, பெரிய கண்டுபிடிப்பு. சிக்கல் அதன்பின் வந்தது. எந்த முதுகு வலிக்கும் ஜவ்வுதான் காரணம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பிறகு அந்த ஜவ்வைப் படமாகவே பார்க்க முடிந்தது. வலிக்கும் முதுகைப் படம் எடுத்தால் பிதுக்கம் தெரிந்தது. ஆகவே பிதுக்கம்தான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டினார்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளையே கேட்டுவிடக்கூடிய கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது. காய்ச்சல் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் காலையில் இட்லி சாப்பிட்டார்கள் என்பதால் இட்லிதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியுமா? காய்ச்சல் இல்லாத குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள் என்றும் பார்க்க வேண்டாமா? 1994இல் அதைத்தான் செய்தார்கள். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓரிடத்திலாவது ஜவ்வு புடைத்திருந்தது. எல்லா ஜவ்வுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காடுதான். 2015இல் இத்தகைய பல ஆய்வுகளைத் திரட்டி, வலி இல்லாத 3,110 பேரின் படங்களை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் அது 80 விழுக்காடு, எண்பது வயதில் 96. இவர்கள் எல்லோரும் வலி இல்லாமல் நடமாடியவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இந்த எண்கள் தெரியாததால் என்ன நேர்கிறது என்பதை ஒரு சம்பா நடவுக் காலத்தில் பார்த்தேன். எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை. தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். அம்மா கட்டிலில் படுத்திருந்தார். பிள்ளை அடுப்படியில் இருந்தாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. நடவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தோட்டை அடகு வைத்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "ஜவ்வு கிழிஞ்சிடுச்சாம் சார். இனிமே குனிஞ்சா காலு விழுந்துடும்னாங்க" என்றார் அந்த அம்மா. யார் சொன்னார்கள் என்பது இங்கே தேவையில்லை. அறிக்கையில் எழுதியிருந்தது 'தேய்மானம், லேசான புடைப்பு' என்பதுதான். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பழைய வீட்டில் வாசற்படி தேய்ந்திருக்கும், அதற்காக வீடு இடிந்துவிடாது. ஆனால் 'தேய்மானம்' என்ற சொல் அந்த வீட்டில் ஒரு கையை உடைத்துப் போட்டிருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பையும் நிறுத்தியிருந்தது.

நாங்கள் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலரிடம் தகவல் சொன்னோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மருத்துவர் காலின் பலத்தையும் உணர்வையும் சோதித்தார். ஆபத்து இல்லை, எழுந்து நடக்கலாம் என்றார். முதல் நாள் கொல்லைவரை, பிறகு தெருமுனைவரை. பத்து நாளில் மாணவி பள்ளிக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்கு வலி முழுதாகப் போகவில்லை. அடுத்த குறுவைக்கு நடவுக்குப் போனார், நடுநடுவே நிமிர்ந்து நின்றுகொண்டு.

படுக்கை ஓய்வைப் பற்றி இதைவிடத் தெளிவான ஆய்வுகள் உண்டு. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் 203 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு குழுவை இரண்டு நாளும் மற்றதை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். வலி குறைந்ததில் வேறுபாடு இல்லை. இரண்டு நாள் குழுவினர் வேலைக்குப் போகாத நாட்கள் மட்டும் 45 விழுக்காடு குறைவாக இருந்தன. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: இரண்டு நாள் படுக்கை, முதுகுக்கான பயிற்சி, வலி அனுமதிக்கும் அளவில் வழக்கமான வேலை. விரைவில் குணமானவர்கள் மூன்றாம் குழுவினர். படுத்தவர்கள்தான் கடைசி. பலகையில் படுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003இல் ஸ்பெயினில் 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்துப் பார்த்ததில், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே நலமாக இருந்தார்கள்.

'படுத்தால்தான் குணமாகும்' என்ற நம்பிக்கையை முதலில் அசைத்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது. நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் சானடோரியத்தில்தான் கிடைத்தன. ஆனாலும் 1959இல் வெளியான முடிவின்படி வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். பின்னாளில் அதே மையம் முதுகெலும்புக் காசநோயிலும் ஆய்வு நடத்தியது. கால் செயலிழக்காத நோயாளிகளில் சிலருக்குப் பெரிய அறுவையும் மருந்தும், மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே மருந்து மட்டும். பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நல்ல நிலையில் இருந்தார்கள். நல்ல நிலையை எட்டியவர்களின் பங்கில் அவர்கள் அறுவை செய்தவர்களைவிடப் பின்தங்கவில்லை.

முதுகெலும்புக் காசநோயைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேரின் முதுகு வலிக்குக் குறிப்பிட்ட நோய் என்று எதுவும் இருப்பதில்லை. மீதி ஒருவரை அடையாளம் காணத்தான் மருத்துவரும், தேவைப்பட்டால் ஸ்கேனும். மாலைக் காய்ச்சல், உடல் எடை குறைதல், இரவில் படுத்தாலும் விடாத வலி இருந்தால் காசநோயோ புற்றோ இருக்கலாம், சோதிக்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவருக்கு வரும் வலி இவையும் அப்படியே. காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்கலாம். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் மாதக்கணக்கில் இடுப்பு வலி என்கிறான். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடக்கிறது. பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது. உட்கார்ந்தால் கூடுகிறது, ஓடியாடினால் குறைகிறது. பிரார்த்தனைக் கூட்டத்துக்குத் தாமதமாக வருவதால் அவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்திருப்போம். ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோய் இப்படித்தான் தொடங்கும். நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடலின் மூட்டுகளையே தாக்குவதால் வருவது அது. பெண்களுக்கும் வரும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். இதற்கு நல்ல மருந்துகள் உண்டு, ஆனால் பலர் கண்டுபிடிக்கப்படுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

கால்வரை வலி இறங்கும் சயாட்டிகாவுக்கு அறுவை தேவையா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்தவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அதே நிலையை எட்டிவிட்டார்கள். வலி தாங்க முடியாதவருக்கு அறுவை நியாயமான வழி. காத்திருக்க முடிந்தவர் காத்திருப்பதிலும் தவறில்லை. காலின் பலம் குறைகிறதா என்பதை மட்டும் மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாள்பட்ட வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஓபியாய்டு வகை வலி மருந்துகளும் வேண்டாம். வலியைப் பற்றிய விளக்கமும் உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் தேவை என்கிறது. வலி என்பது சேதத்தை அளக்கும் கருவி அன்று. தூக்கமின்மை, பயம், வேலையிடத்துக் கசப்பு எல்லாம் அதே முதுகில் வலியைக் கூட்டிக் காட்டும். இதைச் சொன்னால் 'அப்போ எனக்கு மனசுலதான் வியாதியா?' என்று கோபம் வருகிறது. அப்படியில்லை, வலி உண்மை. அதன் அளவைத் தீர்மானிப்பதில் ஜவ்வு மட்டும் பங்கு வகிக்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தகப் பையைப் பற்றி எழுதாவிட்டால் பெற்றோர் விட மாட்டார்கள். பை, குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. நம் மாநிலத்தில் 2012இலேயே முப்பருவ முறை வந்து பாடநூல் மெலிந்தது. இரண்டும் நல்லவை; குழந்தை சிரமமில்லாமல் நடக்கட்டும். ஆனால் 69 ஆய்வுகளை அலசி 2018இல் வந்த தொகுப்பு, கனமான பையால் குழந்தைகளுக்கு முதுகு வலி வருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. ஆகவே முதுகு வலி என்று சொல்லும் பிள்ளையிடம் பையைக் குறை சொல்லி அனுப்பிவிடாமல், இரவில் வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா, விளையாட முடிகிறதா என்று கேட்பது நல்லது.

ஒருமுறை வந்த வலி மீண்டும் வராமலிருக்க என்ன செய்யலாம்? ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதற்கு மிக எளிய பதிலை வைத்திருக்கிறது. வலி தீர்ந்தவர்களில் ஒரு குழுவுக்கு, பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டம் தந்தார்கள். ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது இலக்கு. சும்மா விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் வலி திரும்பியது. நடந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 208 நாட்கள் வரை தள்ளிப்போனது. செலவு ஒரு ஜோடி செருப்புதான். எங்கள் பள்ளியில் இப்போது மதிய உணவுக்குப் பின் நாலைந்து பேர் மைதானத்தைச் சுற்றுகிறோம். வெயில் அதிகமான நாளில் வராண்டாவில்.