கேபிள் வேணாம்... டேட்டா வேணாம்! பரணில் தூங்கும் லினக்ஸ் லேப்டாப்புக்கு செல்போன் படங்களை மாற்றுவது எப்படி?

சென்னை:

'ஸ்டோரேஜ் புல்' என்று செல்போன் கத்த ஆரம்பித்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, ஊர்த் திருவிழா படம் என்று ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். இத்தனைக்கும் அதே வீட்டு பரணில் ஒரு லேப்டாப் சும்மா தூங்கிக் கொண்டிருக்கும்.

தமிழக அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவ-மாணவிகளுக்கு லேப்டாப் கிடைத்தது. அவற்றில் பலவற்றில் 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. சென்னையில் உள்ள மத்திய அரசின் 'சி-டாக்' மையம் உருவாக்கியது இது. விண்டோஸ் வைரஸ் தாக்கிப் படுத்துவிட்டாலும் லினக்ஸ் பாட்டுக்கு ஓடும்.

"லினக்ஸ்ல செல்போன் கனெக்ட் ஆகாதுப்பா" என்று யாரோ சொன்னதை நம்பி மூலையில் போட்டவர்கள் ஏராளம். அது தப்பு. நல்லாவே கனெக்ட் ஆகும்.

வாட்ஸ்-அப் வேலைக்கு ஆகாது

சிலர் படத்தை வாட்ஸ்-அப்பில் தனக்குத்தானே அனுப்பி, லேப்டாப்பில் இறக்குகிறார்கள். கை எட்டும் தூரத்தில் இருக்கும் லேப்டாப்புக்குப் போக, படம் எங்கோ இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஏற்றவும் டேட்டா, இறக்கவும் டேட்டா. போதாக்குறைக்கு சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்வு செய்து அனுப்பினால்தான் அசல் தரம் கிடைக்கும்.

முன்பு எல்லோர் போனிலும் இருந்த 'ஷேர்இட்', 'ஜெண்டர்' இரண்டையும் மத்திய அரசு 2020 ஜூன் மாதம் தடை செய்துவிட்டது. கூகுளின் 'குவிக் ஷேர்' விண்டோசுக்கு வந்திருக்கிறது. ஆனால் லினக்சுக்கு கூகுள் அதைத் தரவில்லை.

புளூடூத் இருக்கவே இருக்கிறது. ஒன்றிரண்டு போட்டோவுக்கு ஓகே. 100 எம்.பி. வீடியோ போக 7, 8 நிமிடம் ஆகிவிடும். வைபையில் அதே வீடியோ பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும்.

வைபை இல்லாத வீட்டிலும் முடியும்

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வைபை வேறு, இன்டர்நெட் வேறு. படம் மாற்ற இன்டர்நெட் தேவையே இல்லை. செல்போனும் லேப்டாப்பும் ஒரே வைபையில் இருந்தால் போதும்.

வீட்டில் வைபை பெட்டி இல்லையா? செல்போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை அதில் இணைக்கலாம். அதற்கு முன்பு மொபைல் டேட்டாவை மறக்காமல் ஆப் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப் தன்பாட்டுக்கு அப்டேட் இறக்கி, அன்றைய டேட்டாவை காலி செய்துவிடும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் டேட்டா ஆப்பாக இருந்தாலும் ஹாட்ஸ்பாட் வேலை செய்யும்.

அடுத்தது 'கே.டி.இ. கனெக்ட்'. 2013-ல் தொடங்கிய இலவச மென்பொருள். விளம்பரத் தொல்லை கிடையாது. போனில் பிளே ஸ்டோரிலும், லேப்டாப்பில் லினக்சின் சாப்ட்வேர் மேனேஜரிலும் இதே பெயரைத் தேடி போட்டுக்கொள்ளலாம். இறக்குவதற்கு மட்டும் ஒரு தடவை இன்டர்நெட் வேண்டும்.

இரண்டிலும் திறந்தால் போனில் லேப்டாப் பெயர் தெரியும். அதைத் தொட்டு 'பேர்' கொடுத்தால், புதிய பதிப்புகளில் இரண்டு திரையிலும் ஒரு குறியீடு வரும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து லேப்டாப்பில் சம்மதம் கொடுக்க வேண்டும். பிறகு கேலரியில் படங்களை மொத்தமாகத் தேர்வு செய்து, 'ஷேர்' தொட்டு, 'கே.டி.இ. கனெக்ட்' கொடுத்தால் அம்புட்டுதான். லேப்டாப்பின் 'டவுன்லோட்ஸ்' போல்டரில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து போனுக்கும் இதேபோல் அனுப்பலாம்.

பெயரே தெரியவில்லை என்றால் பாதி நேரம் குற்றவாளி லேப்டாப்பின் 'பயர்வால்'தான். அதில் 1714 முதல் 1764 வரை உள்ள போர்ட்களைத் திறந்துவிட்டால் தெரியும். டீக்கடை, ரெயில் நிலைய பொது வைபையில் முயற்சி செய்வது வீண். ஒரு போன் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் அங்கே அடைத்து வைத்திருப்பார்கள்.

கடை கம்ப்யூட்டரில் உஷார்!

இந்த மென்பொருளுக்கு இன்னொரு முகம் உண்டு. அனுமதி கொடுத்துவிட்டால் போனுக்கு வரும் அறிவிப்புகளையும் மெசேஜையும் லேப்டாப் திரையில் காட்டும். சொந்த லேப்டாப்பில் இது வசதி. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் 'பேர்' செய்தால் ஆபத்து. பேங்க் ஓ.டி.பி.யும் அந்தத் திரையில் வரலாம்!

அடுத்தவர் கம்ப்யூட்டருக்கு ஆதார் நகல், ரேஷன் கார்டு அனுப்ப வேண்டுமானால் 'லோக்கல்சென்ட்' மேல். இதுவும் இலவசம்தான். விண்டோஸ், லினக்ஸ், ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். கொடுத்த பைல் மட்டும் போகும், ஓ.டி.பி. பக்கம் போகாது. பிரிண்ட் எடுத்த கையோடு கடை கம்ப்யூட்டரில் இருந்து அந்த நகலை அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்ல வேண்டும்.

பத்து வருடத்துக்கு முந்தைய பாஸ் லினக்சில் இவை ஏறாமல் போகலாம். அப்போது புது பாஸ் அல்லது 'லினக்ஸ் மின்ட்' போட்டுக்கொள்ளலாம். இரண்டுமே இலவசம். ஆனால் மாற்றும்போது பழைய பைல்கள் அழிந்துவிடும். அதில் இருக்கும் காலேஜ் புராஜெக்ட், கல்யாண போட்டோவை முதலில் பென்டிரைவில் எடுத்து வைப்பது முக்கியம்.

படங்கள் லேப்டாப்புக்கு வந்ததும் உடனே போனில் அழிக்கும் அவசரமும் வேண்டாம். நாலைந்து படம், ஒரு வீடியோவையாவது லேப்டாப்பில் திறந்து கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கலாம்.