பயன்படுத்துவோர் சொல்லும் காலத்தின் அளவும்

வாளையாற்றுக்கு மேற்கே கஞ்சிக்கோட்டிலும், குமுளி, வண்டன்மேடு ஆகிய மலைப்பகுதிகளிலும் வாழும் தமிழருள் சிறுதொழில் தொடங்கிப் புதுப்பொருள் செய்ய விழைவோர்க்குக் கைப்பொருளும் காலமும் அளவாகவே இருக்கும். பயன்படுத்துவோரைக் கேளாமல் செய்த பொருள் விலைபோவதில்லை; கேட்டுக்கொண்டே இருந்தாலோ பொருள் முடிவதில்லை. இதற்கு வழி யாது?

விடை அண்டையிலுள்ள கோயம்புத்தூரிலேயே கிடைக்கிறது. அருணாசலம் முருகானந்தம் என்பார், தம் மனைவி மாதவிடாய்க்குக் கந்தல் துணியைக் கொள்வது கண்டு, 1998-ஆம் ஆண்டில் மலிவான நாப்கின் செய்ய முற்பட்டார். பஞ்சால் ஒன்று செய்து கொடுத்து உடனே கருத்துக் கேட்டார். அடுத்த மாதம்வரை பொறுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒருவரை மட்டும் நம்பினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சோதனைகளே நடைபெறும், ஆயுள் போதாது.

ஆகவே பலரை நாடினார். மருத்துவக் கல்லூரி மாணவியர்க்கு நாப்கினோடு வினாத்தாளும் வழங்கினார். தாள்களைத் திரும்பப் பெறச் சென்றபோது, சில மாணவியரே அனைவருடைய தாள்களையும் அவசரமாக நிரப்பக் கண்டார். நாணம் வாயை அடைத்திருக்கையில் தாள் மட்டும் உண்மை பேசுமோ? பின்னர் ஆட்டு இரத்தம் நிரப்பிய பந்துப்பையைக் கட்டிக்கொண்டு தாமே அணிந்து பார்த்தார். பயன்படுத்திய நாப்கின்களையே கேட்டுப் பெற்று ஆராய்ந்தார். ஊரார் தூற்றினர், மனைவியும் சில ஆண்டுகள் பிரிந்திருந்தார். பஞ்சு அன்று, மரக்கூழ் நாரே ஏற்றது என்றறிய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதன்பின் எளிய பொறியையும் அமைத்தார். அதனை மகளிர் குழுக்கள் பல ஏற்றன. 2016-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

இதனின்று நாம் கொள்வன மூன்று. முதலாவது, கருத்து தனக்குரிய பருவத்திலேயே வரும். ஏலக்காய் உலர்த்தும் அடுப்பொன்றைத் திருத்துவோர், வாரக்கணக்கான இடைவெளியில் நிகழும் ஒவ்வொரு காய்பறிப்பையும் ஒரு தேர்வாகக் கருதி, ஒரே சுற்றில் பல தோட்டங்களில் சோதித்தல் வேண்டும். இரண்டாவது, சொல்லைக் காட்டிலும் பயன்பட்ட பொருள் மெய் பேசும். காய் நிறம் மங்கியதா, விறகு மிகுந்து செலவாயிற்றா என்று நேரில் காண்பதே நன்று. மூன்றாவது, கேட்ட அனைத்தையும் செய்ய முயலலாகாது. பலரிடத்தும் ஒன்றுபோல் வெளிப்படும் குறையை முதலில் நீக்கி, ஏனையவற்றை அடுத்த பருவத்திற்கு ஒத்திவைத்தல் முறையாகும்.

எல்லார் சொல்லையும் செவிமடுப்போம். முடிவை நாமே செய்வோம். அங்ஙனம் செய்யின், சிறு முதலும் குறுகிய காலமும் வீண்போகா.